உருக்கின் குளிர்ப் பகையை ஆராய்ந்த ஹட்பீல்ட்

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர்க் கரைகளில் வள்ளங்கள் ஒதுங்கும் வேளையில் மீனுடன் சேர்ந்து தேடப்படுவது ஐஸ். அதனை உறையவைக்கும் ஆலைகளில் அமோனியா பொதுவாக உருக்குக் கலன்களுள் அமுக்கத்துடன் அடைபட்டிருக்கும். அனல் வீசும் இக்கரையில், குளிரினால் உருக்கு நொறுங்கும் என்றால் பலர் நம்பத் தயங்குவர். அந்த உண்மையைச் சோதனைகள் வாயிலாக விளக்கிய முன்னோடிகளுள் ஒருவர் சேர் றொபேர்ட் ஹட்பீல்ட்.

இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரில் 1858இல் பிறந்த இவர், உருக்கு வார்ப்பாலை நடத்தியவரின் மைந்தர். 1882இல், இருபத்து நான்கு வயது நிரம்புமுன்னரே மங்கனீசு உருக்கைக் கண்டுபிடித்தார். அடிபட அடிபட மேற்பரப்பு கடினமாகும் அக்கலப்புலோகம் ரயில் பாதைச் சந்திகளுக்கும் கல்லுடைக்கும் இயந்திரங்களுக்கும் பயன்பட்டது. 1888இல் தந்தை மறைந்ததும் ஆலையைப் பொறுப்பேற்ற அவர், தம் தொழிலாளருக்கு எட்டு மணி நேர வேலைநாளை வழங்கிய முன்னோடி முதலாளிகளுள் ஒருவருமாவார்.

திரவ வளி ஆய்வுகளாற் புகழ்பெற்ற ஜேம்ஸ் டூவருடன் இணைந்து, இரும்பையும் அதன் கலப்புலோகங்களையும் பூச்சியத்துக்குக் கீழ் 182 பாகை செல்சியஸ் வரை குளிரூட்டிச் சோதித்தார். முடிவுகள் 1904இல் வெளியாயின. குளிரில் இரும்பின் இழுவலிமை ஏறத்தாழ இரு மடங்காகியது. ஆனால் நீண்டு வளையும் இயல்பு அற்றுப்போனது. வலிமை வேறு, முறியாது தாங்கும் தன்மை வேறு என்பது தெளிவாயிற்று. நிக்கல் போதியளவு கலந்த இரும்போ கடுங்குளிரிலும் தன் இயல்பைக் காத்துக்கொண்டது.

இலங்கையுடனும் அவருக்குத் தொடர்புண்டு. கொழும்பு நூதனசாலையிலிருந்து பெற்ற சிகிரியா உளி உள்ளிட்ட பண்டைய இரும்புப் பொருட்களை ஆராய்ந்து 1912இல் கட்டுரை வெளியிட்டார். நம் முன்னோரின் உலோகக் கலை அதனால் உலக அறிஞரின் கவனத்தைப் பெற்றது.

1940இல் அவர் மறைந்தார். 1943 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லண்டில், அமைதியான நீரில் கட்டப்பட்டு நின்ற ஷெனெக்டடி என்னும் புதிய எண்ணெய்க் கப்பல் திடீரென இரண்டாகப் பிளந்தது. ஒட்டுவேலையின் குறையும் குளிரில் நொறுங்கும் உருக்கும் ஒருசேரச் செய்த வினை அது. இன்று பூச்சியத்துக்குக் கீழ் 162 பாகையில் திரவ இயற்கை வாயுவைத் தேக்கும் பெருந்தாங்கிகள் பல, 9 வீத நிக்கல் உருக்கினாலேயே அமைக்கப்படுகின்றன.

நமக்கும் இதிற் பாடமுண்டு. அமுக்கம் திடீரெனத் தணியுமாயின் திரவ அமோனியா பூச்சியத்துக்குக் கீழ் 33 பாகை வரை குளிரும். வெளியே வெயில் கொளுத்தினாலும் கலனின் சுவர் பனிநாட்டில் நிற்பதற்கு ஒப்பாகும். கையில் அகப்பட்ட தகட்டை ஒட்டிப் பழுது பார்ப்பது அப்போது உயிராபத்தாகலாம். தடிப்பை மட்டும் பாராது, எவ்வளவு குளிருக்குச் சோதிக்கப்பட்ட உருக்கு என்பதையும் கேட்டறிவது ஆலை உரிமையாளரின் கடமை. அங்கு உழைக்கும் தொழிலாளரின் உயிர் அந்த ஒரு கேள்வியில் தங்கியிருக்கக்கூடும்.