பிடில் மேதை சரசாத்தே

பிடில் என்றதும் மாத்தளையில் நம்மனோர் நினைவுக்கு வருபவர், பாடகரருகே சம்மணமிட்டமர்ந்து வாசிக்கும் வித்துவானே. மேனாட்டாரின் அக்கருவியைப் பாலுசுவாமி தீட்சிதர் முதலியோர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே நம் இசைக்கு உரித்தாக்கினர். அதே கருவியில் அயலார் இசையொன்றைத் தமதாக்கிக்கொண்ட ஸ்பானியர் ஒருவரைப் பற்றி ஈண்டுக் கூற விழைகின்றோம்.

பாப்லோ டி சரசாத்தே 1844 மார்ச் 10 இல் பம்ப்லோனா நகரில், இராணுவ வாத்தியக்குழுத் தலைவர் ஒருவரின் மைந்தராய்த் தோன்றினார். மேற்படிப்பின் பொருட்டுத் தாயாருடன் பாரிசுக்குப் புறப்பட்டார். வழியிலே, பயோன் நகரில், அன்னையார் இறந்தார், சிறுவரும் நோயுற்றார். பிறர் ஆதரவால் பிழைத்துப் பாரிசு சேர்ந்து, அலார் என்னும் ஆசிரியரிடம் பயின்று, 1857 இல், பதின்மூன்று வயதிலேயே, இசைக்கல்லூரியின் முதற்பரிசைப் பெற்றார். பின்னர் உலகெங்கும் பெற்ற புகழை விரிப்பிற் பெருகும். லாலோ, சான்-சான்ஸ், புரூக் போன்ற பெரியோர் அவருக்கெனவே இசை இயற்றினர்.

1878 இல் அவர் இயற்றிய 'சிகொய்னர்வைசன்', ஹங்கேரியில் ஜிப்சிகள் வாசித்த இசையைத் தழுவியது. பியானோவோ பெரு வாத்தியக்குழுவோ துணை நிற்கும். தொடக்கம் நம் ஆலாபனை போலத் தாளக் கட்டின்றி ஏங்கும். முடிவோ மின்னல் வேகம். வில்லேந்திய வலக்கை ஓடிக்கொண்டிருக்க, இடக்கை விரல்களே தந்தியைச் சுண்டி ஒலியெழுப்பும். ஜிப்சி என்ற பெயரை அம்மக்களிற் பலர் விரும்பார். ரோமா என்பதே அவர்தம் பெயர். அவர்கள் மொழி வட இந்திய மொழிகளோடு உறவுடையதென அறிஞர் நிறுவியுள்ளனர். ஆதலின் இவ்விசையை வாசித்தோர் நமக்கு முற்றும் அந்நியரல்லர்.

மூன்றாம் பகுதியின் உருக்கமான மெட்டு, எலெமேர் சென்திர்மாய் என்னும் ஹங்கேரியரின் பாட்டு. வாத்தியக்காரர் வாயிலாகப் பரவிய அதனை, உரியவரற்ற நாட்டார் மெட்டென்றே சரசாத்தே கொண்டார் போலும். இயற்றியவரோ அப்போது உயிருடனிருந்தார். சரசாத்தேயின் பெருமையை யாம் குறைத்துரைக்கவில்லை. ஆயினும் இதனை மேடையேற்றும்போது நிகழ்ச்சி நிரலில் இருவர் பெயரையும் அச்சிடுதல் தகும் என்பது எம் கருத்து. நம் விழாக்களிலும், பாட்டெழுதியவர் பெயரைச் சொல்லாமலே பாடிவிடும் வழக்கம் இல்லையென்று சொல்லத் துணியோம்.

1908 இலே சென்திர்மாய் மறைந்தார். அதே ஆண்டு செப்டெம்பர் 20 இல் பியாரிட்ஸ் நகரில் சரசாத்தேயும் காலமானார். அதற்கு நான்காண்டு முன்னர் அவர் இதனை இசைத்தட்டில் பதிந்திருந்தார். அத்தட்டிலே, வாசிப்பின் நடுவே, ஓர் ஆடவர் குரல் கேட்கின்றது. சரசாத்தே தம் பியானோத் துணைவருக்குச் சொல்லியதே அது என்பர்.