ஹிப்பிகள் கொண்டாடிய மெக்கானிக்

திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை என்றால் உலகத்து ஃபேஷன் எல்லாம் நம் மேஜைக்கே வந்துவிடும். சில வருடங்களுக்கு முன் ஒரு ஆர்டருக்காக வெளிநாட்டு பையர் 1960-களின் ஹிப்பி போட்டோக்களை அனுப்பியிருந்தார். நீண்ட முடி, பாசிமணி, வெறுங்கால், முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்த பனியன். நான் சாயத்தைப் பார்க்காமல் ஒரு பெண்ணின் கையிலிருந்த புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ‘சித்தார்த்தா’! மூன்றாம் வருடம், ஐந்து அரியரோடு, படிப்பை விட்டு எங்காவது ஓடிவிடலாமா என்றிருந்த நாட்களில் நம் லைப்ரரியில், திருலோக சீதாராமின் தமிழில் நான் படித்த அதே நாவல்.

எழுதியவர் ஹெர்மன் ஹெஸ்ஸே. 1877-ல் ஜெர்மனியின் கால்வ் என்ற சிற்றூரில் பிறந்தவர். ஆனால் அவருடைய அம்மா பிறந்தது நமக்குப் பக்கத்தில், தலச்சேரியில். தாத்தா ஹெர்மன் குண்டர்ட், 1872-ல் வெளிவந்த புகழ்பெற்ற மலையாள அகராதியைத் தொகுத்த பாதிரியார்.

பையனையும் பாதிரியாராக்க நினைத்து 1891-ல் மௌல்ப்ரான் மடத்துப் பள்ளியில் சேர்த்தார்கள். ஆறே மாதத்தில் ஓடிப்போனான். மறுநாளே பிடித்துவந்தார்கள். மனம் உடைந்து உயிரை விடவும் முயன்றான். அடுத்த பள்ளியும் சரிப்படவில்லை. இவன் உருப்படமாட்டான் என்று ஊர் பேசியிருக்கும். நமக்குத் தெரியாத பேச்சா?

1894-ல் கால்விலேயே பெரோ என்பவரின் மணிக்கூண்டுக் கடிகாரப் பட்டறையில் பயிற்சிக்குச் சேர்ந்தான். சுமார் 14 மாதம் அரம் பிடித்து ராவினான். ஃபர்ஸ்ட் இயர் ஃபிட்டிங் லேபில் கை காய்த்துப் போனவர்களுக்கு அந்த வேலை புரியும். பிறகு புத்தகக் கடை வேலை, 1904-ல் முதல் நாவல், புகழ்.

மறுபடியும் ஓட்டம். 1911-ல், கடைசி மகன் மார்ட்டின் பிறந்த சில வாரங்களில், வீட்டை விட்டுக் கப்பலேறினார். இலங்கை, மலேயா, சுமத்ரா எல்லாம் பார்த்தார். உடம்பு கெட்டு, அம்மா பிறந்த மண்ணை மிதிக்காமலே திரும்பினார். பார்க்காத அந்த இந்தியாவைத்தான் ‘சித்தார்த்தா’வில் எழுதினார். அதுவும் பாதியில் நின்றுபோய், ஒன்றரை வருடம் கழித்துத்தான் மறுபடி நகர்ந்தது. 1922-ல் வெளிவந்தது. 1946-ல் நோபல் பரிசு. 1962-ல் ஸ்விட்சர்லாந்தில் காலமானார்.

அதற்குப் பிறகுதான் அமெரிக்க இளைஞர்கள் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்கள். அவர் நாவலின் பெயரில் ‘ஸ்டெப்பன்வுல்ஃப்’ என்று ராக் இசைக்குழு வந்தது. 1972-ல் சசி கபூர் நடிக்க, இந்தியாவிலேயே ‘சித்தார்த்தா’ படமானது.

அப்பா விட்டுவிட்டுப் போன அந்த மார்ட்டின் வளர்ந்து போட்டோகிராபர் ஆனார். அப்பாவையும் நிறையப் படம் எடுத்தார். அவற்றில் பாசிமணி இல்லை, நீண்ட முடி இல்லை. கண்ணாடி போட்ட ஒல்லிக் கிழவர், வைக்கோல் தொப்பி, தோட்ட வேலை.

ஹிப்பிகள் அவருடைய ஓட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் நாவலின் சித்தார்த்தனே ஓடி ஓடிக் கடைசியில் துடுப்புப் பிடிக்கும் ஓடக்காரனாகத்தான் நிற்கிறான். ஹெஸ்ஸேயும் தன் பட்டறையை மறக்கவில்லை. 1943-ல் வந்த கடைசி நாவலில் ஒரு அற்புத விளையாட்டு வருகிறது. அதைக் கண்டுபிடித்தவன் கால்வ் ஊர்க்காரன், பெயர் பெரோ!

அரியர் வைத்திருக்கும் தம்பி, தங்கைகளே, ஓடத் தோன்றுவது ஒன்றும் தப்பில்லை. எனக்கும் தோன்றியது. திரும்பி வந்து ஐந்தையும் எழுதிப் பாஸ் செய்தேன். லைப்ரரியில் அந்தப் புத்தகம் இன்னும் இருந்தால் எடுத்துப் படியுங்கள். கடைசி அத்தியாயம் வரைக்கும் படியுங்கள்.