புற்றுநோய் உயிரணுவுக்குள் நுழைந்த மருந்து: எல்லாப்பிரகட சுப்பாராவின் வாழ்க்கை

கொல்லிமலையிலிருந்து இறங்கிச் சென்று புற்றுநோய்ச் சிகிச்சை பெற்றுத் திரும்பும் உங்களில் சிலரது மருந்துப் பையில் மெத்தோட்ரெக்சேட் என்னும் சிறு மாத்திரை இருக்கும். குழந்தைகளுக்கு வரும் இரத்தப் புற்றுநோயின் சிகிச்சையில் இது இன்றும் இன்றியமையாதது. இது பிறந்த ஆய்வுக்கூடத்தின் தலைவர் சென்னையில் மருத்துவம் பயின்றவர். அவரது வாழ்க்கையை அறிந்தால், இம்மருந்து உடலில் என்ன செய்கிறது என்பதும், இதனை ஏன் கவனமாக உட்கொள்ள வேண்டும் என்பதும் உங்களுக்கு விளங்கும்.

இளமையும் கல்வியும்

எல்லாப்பிரகட சுப்பாராவ், அந்நாளைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் 1895 ஜனவரி 12 அன்று பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். மெட்ரிகுலேஷன் தேர்வில் இருமுறை தவறி, மூன்றாம் முறை தேறினார். பின்னர் சென்னை மாநிலக் கல்லூரியிலும், சென்னை மருத்துவக் கல்லூரியிலும் பயின்றார். காந்தியடிகளின் அழைப்பை ஏற்று அறுவை அரங்கில் கதராடை அணிந்தது அவரது பேராசிரியருக்கு உவப்பாக இல்லை. எம்.பி.பி.எஸ். பட்டம் அவருக்கு மறுக்கப்பட்டது. அதனினும் குறைந்த எல்.எம்.எஸ். சான்றே கிடைத்தது.

அவருடைய சகோதரர் இருவர் ஸ்ப்ரூ என்னும் குடல் நோயால் மாண்டனர். உணவின் சத்துகளைக் குடல் உறிஞ்ச இயலாமல் உடல் மெலியும் நோய் அது. அந்நோய் அவரையும் பற்றியது. ஆயுர்வேதச் சிகிச்சையால் உயிர் தப்பினார்.

அமெரிக்காவில் ஆய்வு

1920களின் தொடக்கத்தில் மாமனாரின் பொருளுதவியுடன் அமெரிக்கா சென்ற அவர், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். உயிரணுக்கள் ஆற்றலைப் பெறப் பயன்படுத்தும் ஏ.டி.பி. என்னும் பொருளை சைரஸ் ஃபிஸ்க் என்பவருடன் இணைந்து 1929இல் பிரித்தறிந்தார். 1940இல் லெடர்லி ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து, அதன் ஆய்வுப் பிரிவுக்குத் தலைமை ஏற்றார். யானைக்கால் நோய்த் தடுப்புக்காக வீடு தேடி வந்து வழங்கப்படும் டி.இ.சி. மாத்திரையும் அங்கு உருவானதே.

அவரது குழுவினர் 1945இல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தனர். அவருடைய சகோதரர்களைக் கொன்ற ஸ்ப்ரூ நோய்க்கு அதுவே பின்னர் மருந்தாயிற்று.

சத்தைப் போன்ற மருந்து

பாஸ்டன் நகர மருத்துவர் சிட்னி ஃபார்பர், இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்கு ஃபோலிக் அமிலச் சேர்மங்களைக் கொடுத்துப் பார்த்தார். நோய் தணியவில்லை, விரைந்து வளர்வதுபோல் தோன்றியது. ஆகவே, அச்சத்தின் செயலைத் தடுக்கும் பொருள் தேவைப்பட்டது. சுப்பாராவின் ஆய்வுக்கூடம் அமினோப்டெரின் என்னும் மருந்தையும், அதனையொத்த மெத்தோட்ரெக்சேட்டையும் உருவாக்கியது. அமினோப்டெரின் பெற்ற 16 குழந்தைகளுள் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்ததை ஃபார்பர் 1948இல் வெளியிட்டார். அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில், தம் 53ஆம் வயதில், சுப்பாராவ் நியூயார்க்கு மாநிலத்தில் காலமானார். தாயகம் திரும்பும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவே இல்லை.

இம்மருந்து செயல்படும் விதம் எளியது. உயிரணுவின் உறையில் ஃபோலிக் அமில வகைச் சத்துகளை உள்ளே கொண்டுசெல்லும் வாயில்கள் உள்ளன. மெத்தோட்ரெக்சேட் அச்சத்தின் உருவை ஒத்திருப்பதால் அவ்வாயில் வழியே நுழைந்து, உள்ளே தங்கி, டி.என்.ஏ. உருவாவதைத் தடுக்கிறது. இதனால் விரைந்து பெருகும் புற்றணுக்கள் அழிகின்றன. வாய், குடல், எலும்பு மஞ்சை ஆகியவற்றின் உயிரணுக்களும் விரைந்து பெருகுபவை ஆதலால் அவையும் பாதிக்கப்படுகின்றன. வாய்ப்புண்ணும் இரத்த அணுக்குறைவும் தோன்றுவது இதனாலேயே.

நானோ மருந்துகள்

இப்பாதிப்பைக் குறைக்கவே நானோ தொழில்நுட்பம் நாடப்படுகிறது. ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. டாக்சோரூபிசின் என்னும் மருந்தை ஏறத்தாழ 100 நானோமீட்டர் அளவுள்ள கொழுப்புக் குமிழிக்குள் அடைத்துச் செலுத்தும் முறை 1995 முதல் பயன்பாட்டில் உள்ளது. இதனால் இதயத்துக்கு ஏற்படும் தீங்கு குறைகிறது. சில புற்றணுக்களின் மேற்பரப்பில் ஃபோலிக் அமில ஏற்பிகள் மிகுதி. எனவே நுண்துகளின் மேல் ஃபோலிக் அமிலத்தைப் பொருத்தி, அவ்வணுக்களே அதனை உள்வாங்கச் செய்யும் ஆய்வுகளும் நடைபெறுகின்றன. இவை வழக்கமான சிகிச்சைக்கு மாற்றாக இன்னும் வரவில்லை. நானோ மருந்து என்று விளம்பரப்படுத்தி விற்கப்படும் எதனையும் உங்கள் மருத்துவரிடம் கேளாமல் வாங்காதீர்கள்.

நீங்கள் கவனிக்க வேண்டியவை

• மெத்தோட்ரெக்சேட் மாத்திரை பலருக்கு வாரத்தில் ஒரு நாள் மட்டுமே தரப்படுகிறது. தவறுதலாக நாள்தோறும் உட்கொண்டால் உயிருக்கே ஆபத்து நேரலாம். உரிய கிழமையை மருந்துச் சீட்டில் எழுதி வாங்குங்கள்.

• ஃபோலிக் அமிலம் இம்மருந்தின் செயலைக் குறைக்கக்கூடும். பள்ளியில் வழங்கப்படும் இரும்புச்சத்து–ஃபோலிக் அமில மாத்திரையைச் சிகிச்சை பெறும் குழந்தைக்குக் கொடுக்கலாமா என்பதை மருத்துவரிடம் கேட்டு, ஆசிரியருக்கும் தெரிவியுங்கள்.

• காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டை எட்டினாலோ, வாய்ப்புண், இரத்தக்கசிவு, மூச்சுத்திணறல் தோன்றினாலோ அடுத்த பரிசோதனை நாள்வரை காத்திராதீர்கள். மலைப்பாதையில் இறங்க நேரம் பிடிக்கும். உடனே 108 ஊர்தியை அழையுங்கள் அல்லது அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கு வாருங்கள்.

• கருவுற்றிருப்பவர்களும் கருத்தரிக்க விரும்புபவர்களும் அதனை மருத்துவரிடம் முன்னதாகவே கூறுங்கள்.

• குழந்தை நலமாகத் தோன்றினாலும் சிகிச்சையை இடையில் நிறுத்தாதீர்கள். 1948இல் சில மாதங்களே தணிந்திருந்த அந்நோயை, பல மருந்துகளை இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக முறையாகக் கொடுப்பதன் வாயிலாக, இன்று பெரும்பாலான குழந்தைகளில் குணப்படுத்த இயலுகிறது.