கோவை கரிவரதன்

வேகமாய் ஓடுவதெல்லாம் மெய்யான பந்தயக் கார் ஆகிவிடாது. பேராதனையினின்று கடுகண்ணாவைக்கு ஏகும் வளைவுகளிலே, வலிமிக்க பெருங்கார் திணறச் சிறுகாரொன்று எளிதாய்த் திரும்பிச் செல்வதை நாம் கண்டிருக்கின்றோம். பாரங் குறைந்து, ஓட்டுவோன் கைக்கு உடன் பணிவதே அதன் இலக்கணம். இதனைச் செய்து காட்டியவர் கரிவரதன்.

1954ஆம் ஆண்டிலே, கோவை நூற்பாலைச் செல்வர் குடியிற் பிறந்த இவர், சென்னையை அடுத்த சோழவரத்தில், போர்க்காலத்து விமான ஓடுபாதையில் நிகழ்ந்த பந்தயங்களில் ஓட்டிப் புகழ் பெற்றார். அந்நாளிலே பந்தயம் பணமுடையார்க்கே உரியது. செல்வர் வீட்டுப் பிள்ளைக்கு அக்குறை எவ்வாறு உறுத்திற்றோ என நாம் வியப்பதுண்டு. குடும்பத்தார் கடைக்குச் செல்லும் மாருதி 800 காரின் மூன்று உருளை, 796 கன சென்ரிமீற்றர் எஞ்சினையே எடுத்து, ஒற்றை இருக்கையும் இலேசான உடலும் அமைத்து, 1988இல் 'போர்முலா மாருதி'யை ஆக்கினார். எல்லார்க்கும் ஒரே எஞ்சின். பணத்தால் வென்றான் என ஒருவனைச் சொல்லுதல் அரிது. பின்னாளில் போர்முலா வண் களம்புகுந்த முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் இவ்வகைக் காரிற் பழகியவரே.

1995இல் விமான விபத்தொன்றில் கரிவரதன் மாண்டார். வயது 40 அளவே. கோவையை அடுத்த செட்டிபாளையத்துப் பந்தயக்களம் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.