சித்திர ஆசிரியர்க்கோர் ஆசிரியை

இங்கிலாந்தில் 1892 ஆம் ஆண்டு பிறந்த மரியன் றிச்சட்சன் அம்மையார், 1912 இல் டட்லி நகரப் பெண்கள் பாடசாலையிற் சித்திர ஆசிரியையாக அமர்ந்தார். பார்த்து வரைதலே பாடமென்றிருந்த அக்காலத்தில், தாம் சொல்லும் காட்சியைக் கண்மூடி அகத்திற் கண்டபின் தீட்டுமாறு மாணவியரைப் பழக்கினார். 1917 இல் கலை விமரிசகர் றொஜர் பிறை அவ்வோவியங்களை இலண்டனிற் காட்சிக்கு வைத்தார்.

எனினும், ஒரு வகுப்பறையின் வெற்றி ஏனைய பிள்ளைகளுக்கு எங்ஙனம் எட்டும்? ஆசிரியர் பயிலாவிடின் எட்டாதெனக் கண்ட அம்மையார், இலண்டன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் விரிவுரை ஆற்றினார். 1930 முதல் இலண்டன் மாவட்ட சபையின் சித்திரப் பரிசோதகராய்ப் பாடசாலைகளுக்குச் சென்றதோடு, பணியிலிருந்த ஆசிரியர்க்கும் வகுப்புகள் நடத்தினார். 1938 இல் அச்சபை மண்டபத்தில் நிகழ்ந்த சிறுவர் ஓவியக் கண்காட்சி அவ்வுழைப்பின் கனியாயிற்று.

1946 இல் அம்மையார் மறைந்தார். கற்பிப்போர் கற்பதை நிறுத்தலாகாதென்பதே அவர் வாழ்வு நமக்குணர்த்தும் பாடமாகும்.