நோயின் பிறப்பிடம் கண்டவர்

நலமாக உலவிவந்த ஒருவர் திடீரெனத் தளர்ந்து சாய்கின்றார். அவருடைய வாய் கோணுகின்றது, நாக் குழறுகின்றது, ஒரு பக்கத்துக் கையும் காலும் செயலற்றுப் போகின்றன. இந்நோயைப் பக்கவாதம் என்றும் பாரிசவாயு என்றும் கூறுவர். மூளையிலுள்ள இரத்தக் குழாய் வெடிப்பதாலும் இது நேரும். அக்குழாய் அடைபடுவதாலும் நேரும். அடைப்பினால் நேருவதே மிகுதி. அவ்வடைப்பு எங்கிருந்து வருகின்றது? இவ்வினாவிற்கு விடைகாண வழி வகுத்த பேரறிஞர் ருடால்ப் விர்ச்சோ ஆவார்.

விர்ச்சோ, அந்நாளைய பிரஷ்ய நாட்டின் பொமரேனியாப் பகுதியில் ஷீவல்பைன் என்னும் சிற்றூரில், 1821ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 13ஆம் நாள் பிறந்தார். அவ்வூர் இன்று போலந்து நாட்டில் உள்ளது. அவருடைய தந்தையார் உழவுத் தொழிலோடு ஊரின் பொருளாளர் பணியையும் புரிந்துவந்தார். குடும்பம் செல்வம் மிகுந்ததன்று. படைக்கு வேண்டிய மருத்துவர்களைப் பயிற்றும் கல்லூரி ஒன்று பெர்லின் நகரில் இருந்தது. அங்கு அறிவிற் சிறந்த ஏழை மாணவர்க்குக் கட்டணமின்றிக் கல்வி கிடைத்தது. 1839இல் அதில் சேர்ந்த விர்ச்சோ, 1843இல் மருத்துவப் பட்டம் பெற்றார். பின்னர்ச் சாரிட்டே என்னும் பெரிய மருத்துவமனையில், இறந்தோர் உடலை அறுத்து ஆராயும் பணியில் அமர்ந்தார்.

இரத்தக் குழாய்களின் அழற்சியே ஏறத்தாழ எல்லா நோய்களுக்கும் மூலம் என்று பிரெஞ்சு அறிஞர் ஒருவர் அக்காலத்தில் கூறியிருந்தார். பலரும் அதனை ஏற்றனர். விர்ச்சோவோ, கேட்டதை அப்படியே நம்பாமல், கண்டு தெளிய விரும்பினார். இறந்தோர் பலருடைய நுரையீரல் தமனிகளில் இரத்தக் கட்டிகள் அடைத்திருந்ததை அவர் கண்டார். அக்கட்டிகள் அங்கேயே தோன்றியிருப்பின், குழாயின் சுவரில் அதற்கேற்ற மாறுதல் இருத்தல் வேண்டுமன்றோ? அத்தகைய மாறுதலைக் காணோம். ஆனால், அவர்களுள் பலருடைய கால்களின் சிரைகளில் அதே போன்ற கட்டிகள் இருந்தன. ஆகவே, காலில் உறைந்த கட்டியின் ஒரு துண்டு பிரிந்து, இரத்த ஓட்டத்தோடு இதயத்தின் வலப்புறத்தை அடைந்து, அங்கிருந்து நுரையீரலிற் சென்று அடைத்திருத்தல் வேண்டும் என அவர் எண்ணினார். விலங்குகளின் கழுத்துச் சிரையில் சிறு துண்டுகளைச் செலுத்திப் பார்த்தார். அவை நுரையீரல் தமனிகளிலேயே கிடைத்தன. இம்முடிவை அவர் 1846இல் வெளியிட்டார்.

அடுத்த ஆண்டில் அவர் உடலெங்கும் இரத்தத்தைக் கொண்டுசெல்லும் தமனிகளை ஆராய்ந்தார். இதயத்தின் இடப்புறத்தில் தோன்றும் கட்டி, இரத்தத்தோடு மேலேறி மூளையின் தமனியை அடைக்கக்கூடும். அவ்வாறு அடைபட்டால், இரத்தம் பெறாத மூளைப்பகுதி நலிந்து மென்மையாகிவிடும். அம்மென்மையை அழற்சி என்றே பலர் கருதியிருந்தனர். இரத்தம் குழாயினுள் உறைவதற்குத் திராம்போசிஸ் என்றும், உறைந்த துண்டு வேறிடம் சென்று அடைப்பதற்கு எம்போலிசம் என்றும் விர்ச்சோ பெயரிட்டார். மருத்துவர்கள் இன்றும் அப்பெயர்களையே வழங்குகின்றனர். நோய் தோன்றும் இடம் ஒன்று. அதன் காரணம் பிறந்த இடம் வேறு. இதுவே அவர் கண்ட உண்மை.

இவ்வுண்மையை அவர் உடலளவில் நிறுத்திவிடவில்லை. 1848இல் மேல் சைலீசியா என்னும் பகுதியில் டைபஸ் காய்ச்சல் பரவி மக்கள் மடிந்தனர். அரசாங்கம் விர்ச்சோவை அங்கு அனுப்பியது. பசியும், நெருக்கமான குடிசைகளும், கல்வியின்மையும், ஆட்சியாளரின் புறக்கணிப்புமே அக்கொடுமையை வளர்த்தன என்று அவர் அஞ்சாது எழுதினார். மருந்தினும் மேலாகக் கல்வியும் உரிமையும் நல்வாழ்வும் அம்மக்களுக்கு வேண்டும் என வற்புறுத்தினார். பேன்கள் அந்நோயைப் பரப்புகின்றன என்பது 1909இல் கண்டறியப்பட்டது. எனினும், வறுமை நோய்க்கு இடந்தரும் என்ற அவருடைய கூற்று பொய்க்கவில்லை.

உண்மை உரைத்தவர்க்கு இடர் வாராதிருக்குமோ? அதே ஆண்டில் பெர்லினில் எழுந்த மக்கள் கிளர்ச்சியிலும் விர்ச்சோ பங்குகொண்டார். அரசாங்கத்தின் சினத்திற்கு ஆளாகி, 1849இல் பெர்லினை விட்டு வூர்ட்ஸ்பர்க் நகரப் பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். ஆயினும் அறிவின் ஒளியை மறைத்தல் இயலாது. 1856இல் பெர்லின் அவரை மீண்டும் அழைத்துக்கொண்டது. அவருக்கெனப் புதிய நோயியல் நிலையம் ஒன்றும் எழுந்தது. உயிரணுக்களில் நேரும் மாறுதலே நோய் என்பதை விளக்கும் நூலை அவர் 1858இல் வெளியிட்டார். மறு ஆண்டு நகர்மன்றத்தில் உறுப்பினராகி, பெர்லின் நகரில் கழிவுநீர்க் கால்வாய்கள் அமையப் பாடுபட்டார்.

1902ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், டிராம் வண்டியினின்று இறங்கும்போது விழுந்து அவருடைய தொடையெலும்பு முறிந்தது. அவ்வாண்டு செப்டம்பர்த் திங்கள் 5ஆம் நாள் அவர் உலக வாழ்வை நீத்தார்.

அவர் ஊன்றிய வித்து, பின்னாளில் பயன்தரும் மரமாயிற்று. பக்கவாதம் தொடங்கிய மூன்று மணி நேரத்திற்குள் இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைச் செலுத்தினால், பலர் ஊனமின்றித் தேறுவர் என்பது 1995இல் மெய்ப்பிக்கப்பட்டது. 2008இல் அக்கால எல்லை நாலரை மணியாக நீண்டது. பெரிய தமனியை அடைத்த கட்டியை, மெல்லிய குழாய் ஒன்றைச் செலுத்தி வெளியே எடுக்கும் முறையின் நன்மை 2015இல் உறுதிப்பட்டது. எனவே, வாய் கோணி, கை தளர்ந்து, பேச்சுக் குழறினால், ஒரு நொடியும் தாழ்க்காது மருத்துவமனையை நாடுதல் வேண்டும். அங்கே மருத்துவர் மூளையை மட்டும் பார்ப்பதில்லை. இதயத்தையும் கழுத்துத் தமனிகளையும் ஆராய்ந்து, கட்டி எங்கிருந்து வந்தது என்று தேடுகின்றனர். விர்ச்சோ அன்று எழுப்பிய வினா, இன்றும் உயிர்களைக் காத்து வருகின்றது.