கடல் ஏன் நீலம்னு கேட்டவர்

பிப்ரவரி 28 என்றால் தேசிய அறிவியல் நாள், சர் சி.வி. இராமன் என்று எல்லோரும் டக்கென்று சொல்லிவிடுவோம். அவர் கண்டுபிடிச்சது ரயில் ஓடுற கரண்டுக்கு எப்படி உதவும்னு கேட்டா முழிப்போம். அதைத்தான் எழுதுகிறேன்.

1888 நவம்பர் 7-ல் திருச்சி பக்கம் திருவானைக்காவலில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 1907-ல் கல்கத்தாவில் நிதித்துறை அதிகாரி ஆனார். நல்ல சம்பளம். ஆனா ஆபீஸுக்கு முன்னாடியும் பின்னாடியும் ஆய்வுக்கூடத்திலேயே கிடப்பார். 1917-ல் அந்த வேலையை விட்டுட்டு, குறைஞ்ச சம்பளத்துக்குப் பேராசிரியர் ஆனார். எங்க வீட்டில் யாராவது இப்படிச் செய்தால் தெருவே கூடிப் புத்தி சொல்லும்!

1921-ல் கப்பல் பயணத்தில் மத்தியதரைக் கடலின் நீலத்தைப் பார்த்தார். அது வானத்தின் பிரதிபலிப்பு மட்டும் இல்லை, தண்ணீரே ஒளியைச் சிதறடிக்கிறது என்று காட்டினார். அதோடு விடவில்லை. 1928-ல் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணனோடு சேர்ந்து, சிதறும் ஒளியில் துளியூண்டு நிறம் மாறி வருவதைக் கண்டுபிடித்தார். 1930-ல் நோபல் பரிசு.

இப்போ ரயிலுக்கு வருவோம். செங்கல்பட்டு ஸ்டேஷனில் தலைக்கு மேலே போகும் கம்பியில் 25,000 வோல்ட். அதற்குக் கரண்டு தரும் கேபிள்கள் சில இடங்களில் மண்ணுக்கடியில் போகும். கேபிள் ஜாயின்ட் கெட்டுப்போகிறது என்றால் பெரும்பாலும் முதலில் சூடேறும். கருகின பிறகு ரிப்பேர் பண்ணினால் ரயில் நடுவழியில் நிற்கும். முன்னாடியே எப்படித் தெரிவது?

கேபிளோடு ஒரு கண்ணாடி இழையைப் பதிப்பார்கள். அதில் லேசர் ஒளியை விட்டு விட்டு அனுப்பினால், நிறம் மாறிய ஒளி கொஞ்சம் திரும்பி வரும். அது இராமன் கண்ட அதே ஒளிதான். அதில் அலைநீளம் குறைந்த வகை, சூடு கூடக் கூடப் பலமாகும். திரும்பி வர எடுத்த நேரத்தை வைத்து எந்த இடம்னு சொல்லலாம். 1 கிலோமீட்டர் போய்வர ஒரு நொடியில் லட்சத்தில் ஒரு பங்கு போதும். கேபிள் முழுக்க தெர்மாமீட்டர் வைத்த மாதிரி!

மும்பை–அகமதாபாத் இடையே கட்டிவரும் புல்லட் ரயில் பாதை 508 கிலோமீட்டர். அதில் 7 கிலோமீட்டர் சுரங்கம் தானே கடற்கழியின் அடியில். அங்கே போகும் கேபிளை தினமும் யார் போய்த் தொட்டுப் பார்ப்பது?

1964-ல் ஜப்பானில் முதல் அதிவேக ரயில் ஓடியபோது இராமன் இருந்தார். 1970 நவம்பர் 21-ல் பெங்களூரில் மறைந்தார். இந்தக் கண்ணாடி இழை தெர்மாமீட்டர் வந்தது 1980-களில். அதை அவர் பார்க்கவே இல்லை.